சகலை ஓட்டிய படகு

நெவில் பாட்ஃபீல்டுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கண்டாலே ஆகாது. பாத் நகரத்தில் பிறந்த பலரும் அப்படித்தான். ஆனால் நெவிலுக்கு வாய்த்த இரண்டு வேலைகளும் அவர்களை நம்பியே இருந்தன. முதலில் நகரப் பேருந்து ஓட்டினார். ரயில் நிலையத்திலிருந்து பெரிய தேவாலயத்துக்கு, பற்ற வைத்த சிகரெட் அணைவதற்குள் நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்துக்குப் பேருந்தில் ஏறி, ஓட்டுநர் பின்னாலேயே நின்றுகொண்டு, "ரோமானியர் குளம் வந்துடுச்சா, இதுவா, அதுவா" என்று தொணதொணப்பார்கள். ஒரு கோடையில் ஓர் அம்மாள் விடாமல் அதையே கேட்டுக்கொண்டிருக்க, நெவில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். சாவியை எடுத்து அந்த அம்மாள் கையில் வைத்தார். "நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க கண்ணு, வழியில எங்க வந்தாலும் இறங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். வேலை போயிற்று.

கால்வாயில் சத்தம் இருக்காது என்று நம்பி எங்கள் வாடகைப் படகுத்துறைக்கு வேலைக்கு வந்தார். இங்கே பயணிகளே படகை ஓட்டுவார்கள் என்பதை அவர் சரியாக யோசித்துப் பார்க்கவில்லை.

நான் அதே துறையில் திரும்பி வரும் படகுகளைக் கழுவித் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி வைக்கிறவள். ஜன்னலைத் துடைத்துக்கொண்டே நெவில் பாடம் நடத்துவதைக் கேட்பேன். அந்தப் பாடம் எனக்கு மனப்பாடம்.

"இதுதான் சுக்கான். இந்தப் பக்கம் தள்ளினா படகு அந்தப் பக்கம் போகும்."

"பிரேக் எங்க இருக்கு?"

"பிரேக் கிடையாது கண்ணு."

"அப்ப எப்படி நிறுத்தறது?"

"முன்னாடியே யோசிச்சு வைக்கணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நெவில் சிரிக்க மாட்டார். ஒடுங்கிய, தெருவளவு நீளமான இரும்புப் படகு அது. நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. அதை வைத்துக்கொண்டு இத்தனை பேர் இத்தனை பாலத்தில் எப்படி மோதுகிறார்கள் என்பது அவருக்கு இன்று வரை விளங்கவே இல்லை. சாயங்காலம் தொலைபேசி அடிக்கும். சேற்றில் சிக்கியவர், சுக்கான் பிடியைத் தண்ணீரில் தவறவிட்டவர், முன்னும் பின்னும் இரண்டு கரையிலும் முட்டிக் கால்வாயை அடைத்துக்கொண்டு நிற்பவர். நெவில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் முணுமுணுத்தபடி போவார்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ள அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. வருடா வருடம் மே மாதத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வேமவுத் கடற்கரைக்குப் போவார். தூண்டில் போட்டு உட்காருவார். மீன் சிக்கினாலும் சிக்காவிட்டாலும் கவலையில்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது போதும்.

போன வருடம் மார்ச் மாதம், இரவுச் சாப்பாட்டின்போது அவர் மனைவி மெரில் பேச்செடுத்தாள்.

"ஆட்ரியும் பெர்னார்டும் மே மாசம் வர்றாங்க."

ஆட்ரி மெரிலின் அக்கா. பெர்னார்ட் அக்காவின் கணவர், நெவிலுக்குச் சகலை. லெஸ்டர் ஊர்க்காரர்கள்.

"நல்லது. நான் அப்ப வேமவுத்ல இருப்பேன்."

"இல்ல, நீ படகுல இருப்ப. நாலு பேரும் சேர்ந்து ஒரு வாரம் போறோம். உங்க துறையிலயே எடுத்தாச்சு. கிராமப்பக்கம் சுத்திட்டு அப்படியே ஊருக்குள்ள இறங்கி, எல்லாத்தையும் பார்க்கணுமாம்."

"மெரில், இது நான் தினம் பார்க்கிற கால்வாய். தினம் பார்க்கிற படகு."

"அதான் வசதி. உனக்கு எல்லாம் தெரியும்."

மறுநாள் காலை நெவில் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "பல் டாக்டர் லீவு போட்டுட்டு இன்னொரு பல் டாக்டர்கிட்ட வாயத் திறந்துகிட்டு உட்காருவானா?" என்று கேட்டார்.

பெர்னார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முப்பது வருடம் தேர்வு வைத்து லைசென்ஸ் கொடுத்தவர். கொடுத்தவர் என்பதைவிட மறுத்தவர் என்பதுதான் பொருத்தம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் எதைச் செய்தாலும் பக்கத்தில் நின்று மதிப்பெண் போடுகிற மாதிரி பார்ப்பார். எங்கள் துறைக்கு வந்து இறங்கிய அன்று புத்தம் புதிய கப்பல் தலைவன் தொப்பி ஒன்று அவர் தலையில் இருந்தது.

நெவில் வழக்கமான பாடத்தைத் தொடங்கினார். பெர்னார்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நெவில், எதிர்ல வர்ற லாரியப் பார்த்தே முப்பது வருஷம் பொழப்ப ஓட்டினவன் நான். நடந்து போற வேகத்துல போற சாமானுக்கு எனக்குப் பாடமா?"

"இது காரு மாதிரி இல்ல. பின்பக்கம் இருந்து திரும்பும்."

"எல்லாம் ஒண்ணுதான். கவனம் இருந்தா போதும்."

கால்வாயின் முதல் வளைவிலேயே ஃப்ரீடாவின் படகில் இடித்தார். ஃப்ரீடா கால்வாயிலேயே குடியிருப்பவள். கூரை முழுக்கப் பூந்தொட்டி வைத்திருப்பாள். ஒரு தொட்டி உருண்டு தண்ணீரில் விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு தலை வந்தது.

"எவன்டா அது கண்ணு தெரியாத... ஐயோ, நெவிலா? நீயுமா?"

"நான் ஓட்டல ஃப்ரீடா."

"அப்ப பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தியா? அதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?"

"நான் லீவுல இருக்கேன்!"

பெர்னார்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, உங்க படகு ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. பார்க்கிங் சரியில்ல."

அந்த வாரம் முழுக்க இதேதான். கால்வாயில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் நெவிலைத் தெரியும். எந்தப் படகில் மோதினாலும் உள்ளேயிருந்து வெளியே வரும் தலை நேராக நெவிலைப் பார்த்துத்தான் கத்தும். இடித்தவர் டீ குடித்துக்கொண்டு மரங்களை ரசிப்பார். நெவில் சுக்கானை வாங்கினால் இன்னும் மோசம். பெர்னார்ட் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

"கண்ணாடி பார்க்கல நீ."

"படகுல கண்ணாடியே கிடையாது."

"இருந்திருக்கணும்."

மழை வேறு. பள்ளத்தாக்கில் அவ்வளவு பச்சை. மாடுகள் நனைந்தபடி கரையோரம் நின்று இவர்களைப் பார்த்தன. கால்வாயே ஆற்றுக்கு மேலே பாலமாகப் போகிற இடத்தில் ஆட்ரியும் மெரிலும் குடைக்குள் நின்று வாயைப் பிளந்தார்கள். பெர்னார்ட் புத்தகத்தைப் பிரித்து, இந்தப் பாலத்தைக் கட்டியது யார், எந்தக் கல், எந்த வருடம் என்று உரக்கப் படித்தார். நெவிலுக்கு அந்தப் பாலம் என்றாலே கயிறு அறுந்து மிதந்துபோன படகுகள்தான் நினைவுக்கு வரும்.

பிராட்ஃபோர்ட் ஊரில் கட்டிப்போட்டுவிட்டு நடந்தார்கள். கல்லால் கட்டிய ஒரு நீண்ட பழைய கட்டடம் அங்கே இருக்கிறது. பெரிய ஓட்டுக் கூரை.

"அது பழைய தேவாலயம்" என்றார் நெவில்.

"இல்ல. அது தானியக் களஞ்சியம்" என்றார் பெர்னார்ட். "குடியானவங்க விளைச்சல்ல பத்துல ஒரு பங்கைக் கன்னியர் மடத்துக்குக் கொண்டாந்து கொட்டின இடம்."

"பெர்னார்ட், நான் பொறந்து வளர்ந்ததே இங்க பக்கத்துலதான்."

"உள்ள போயிருக்கியா?"

போனதில்லை. வாசல் பலகை பெர்னார்ட் சொன்னதையே சொன்னது. உள்ளே கவிழ்த்து வைத்த கப்பல் மாதிரி மரச்சட்டங்கள். மெரில் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா இதை எனக்குக் காட்டவே இல்லையே நெவில்" என்றாள். நெவில் வெளியே வந்து மழையில் நின்றார். சகலை பேசுவது அத்தனையும் அபத்தமாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், பாதிக்குப் பாதி சரியாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அங்கிருந்து திரும்பி பாத் நோக்கி வந்தார்கள். நகரத்துக்குள் இறங்க வேண்டுமானால் விட்கம் சரிவில் படகைப் படிப்படியாகக் கீழே இறக்க வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு மதகுத்தொட்டி. இரண்டு பக்கமும் கனத்த மரக்கதவுகள், கதவடியில் தண்ணீரை விடுவதற்கு ஷட்டர். ஷட்டரை ஏற்றி இறக்க ஒரு இரும்புச் சாவி உண்டு. வளைந்த கைப்பிடி போட்டது. தொட்டியை நிரப்பி, படகை உள்ளே விட்டு, தண்ணீரைக் கீழே வடிய விட்டால் படகு இறங்கும். வேலை முடிந்ததும் ஷட்டரை இறக்கி, சாவியைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். நெவில் பாடம் நடத்தும்போது குரலை உயர்த்துகிற ஒரே இடம் இதுதான். ஷட்டரைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் மேலே உள்ள தண்ணீரெல்லாம் கசிந்து கால்வாய் காய்ந்துவிடும்.

பாதிச் சரிவு இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு தொட்டிகளுக்கு இடையில் கொஞ்சம் அகலமான இடம், ஏற்கெனவே பல படகுகள் அங்கே கட்டியிருந்தன. ஃப்ரீடாவும் இதற்குள் தன் படகை அங்கே கொண்டுவந்து கட்டியிருந்தாள். அங்கேயே தங்குவது என்று முடிவாயிற்று. காலையில் நேரம் மிச்சமாகட்டும் என்று நெவில் முன்னால் போய்க் கீழ்த்தொட்டியை நிரப்பி வைக்கப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து மெரிலின் கூச்சல். பெர்னார்ட் கட்டிய முடிச்சு அவிழ்ந்து, படகு தானாகவே குறுக்கே திரும்பி, மறுபடியும் ஃப்ரீடாவின் படகு மேல் சாய்ந்துகொண்டிருந்தது. நெவில் ஓடினார்.

விடிகாலையில் மெரில் கட்டிலிலிருந்து உருண்டு நெவில் மேல் விழுந்தாள். அலமாரியிலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி உடைந்தன. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வெளியே தலையை நீட்டிய நெவில் தண்ணீரைத் தேடினார். தண்ணீர் இல்லை. கரும்பழுப்புச் சேறு, அதில் இரண்டு பழைய சைக்கிள், ஒரு கடைத் தள்ளுவண்டி, சாய்ந்து கிடக்கும் படகுகள். ஒவ்வொரு படகிலிருந்தும் இரவு உடையோடு மனிதர்கள்.

என்னை அவர் கூப்பிட்டது அப்போதுதான். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஒரே களேபரம்.

"எவன் ஷட்டரைத் திறந்து விட்டவன்?"

"என் அடுப்பு கவிழ்ந்து போச்சு, யார் தர்றது?"

"நெவில்! உங்க துறைப் படகுக்காரன்தானே?"

நெவில் கீழ்த்தொட்டியைப் பார்த்து நடந்தார். பெர்னார்டும் கூடவே நடந்தார். நெவில் மனத்துக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாராம். முதல் நாள் பாடத்தைக் கேட்காததிலிருந்து தொடங்கி, தொப்பி, கண்ணாடி, களஞ்சியம் வரை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசிவிடப் போகிறார். ஒரு வாரம் அடக்கி வைத்தது. இனி மெரில் என்ன நினைத்தாலும் சரி.

தொட்டியருகே போனதும் பெர்னார்ட் நின்றார். மேல் ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் பச்சைக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. குளிர்காலத்தில் கை விறைக்கக்கூடாது என்று மெரில் சுற்றிக் கொடுத்தது. நெவிலின் சாவி.

அவிழ்ந்த முடிச்சு, மெரிலின் கூச்சல், ஓடியது. எல்லாம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து மூடியது மட்டும் ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் அவர் திரும்பி வரவே இல்லை. கீழ்க்கதவு இடுக்கு வழியாக இரவெல்லாம் தண்ணீர் ஒழுகிப் போயிருந்தது.

பெர்னார்ட் ஷட்டரை இறக்கினார். சாவியைக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டார். பிறகு திரும்பி நடந்து, கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான். மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அதற்குப் பிறகு அவர் வாங்கிய வசவு எழுத்தில் வராது. ஃப்ரீடா அவருடைய பார்க்கிங்கைப் பற்றியும் சேர்த்துச் சொன்னாள். பெர்னார்ட் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நெவில் கரையில் நின்று வாயைத் திறந்தார், மூடினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் இப்படி விழிக்கிறார் என்று அப்போது புரியவில்லை.

மேலே உள்ள தொட்டிகளின் ஷட்டரை ஒவ்வொன்றாகத் திறந்து, மேல்கால்வாய்த் தண்ணீரை மெதுவாக இறக்கினோம். நெவிலும் நானும் ஏறி இறங்கியே களைத்தோம். மதியம் தாண்டித்தான் படகுகள் நிமிர்ந்தன. அதுவரை பெர்னார்ட் சாய்ந்த படகுக்குள் ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பன்றி இறைச்சி வறுத்து, ரொட்டிக்குள் வைத்து, தன்னைத் திட்டிய அத்தனை பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். திட்டிக்கொண்டே வாங்கித் தின்றார்கள்.

மேல்தொட்டியருகே தனியாக அகப்பட்டபோது நெவில் கேட்டார். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"நான் சனிக்கிழமை ஊருக்குப் போயிருவேன். நீ இங்கயே பொழைக்கணும்."

"அதுக்காக?"

"முப்பது வருஷமா ஜனங்களை ஃபெயில் பண்ணவன் நெவில் நான். திட்டு வாங்குறது எனக்குப் பழக்கம்." பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "ஆனா நீ சாவிய மறந்தது பெரிய தப்பு. என் தேர்வுல இது நேரா ஃபெயில்."

நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, கழுத்தை நெரிக்கவும் கை வரவில்லை என்றார் நெவில். ஒரு வாரம் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாகப் போயிற்று.

மறுநாள் ரோமானியர் குளத்துக்குப் போகலாம் என்று பெர்னார்ட் சொன்னபோது நெவிலால் மறுக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளே போனார். எத்தனை ஆயிரம் பேரை அந்த வாசலில் இறக்கிவிட்டிருப்பார்! காதில் வைத்துக் கேட்கும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அது ஒரு காதில் பேச, இன்னொரு காதில் பெர்னார்ட் பேசினார். பச்சைத் தண்ணீரில் ஆவி பறந்தது. நெவிலுக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் ஒரு மூலையில் குளத்தின் மிச்சத் தண்ணீர் பழைய கல் வளைவுக்குள் கொட்டி வெளியேறுகிற வடிகால் ஒன்று இருந்தது. ரோமானியர்கள் கட்டியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நெவில் அங்கேயே நின்றுவிட்டார். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போயிற்று.

"நெவில், அது சாக்கடைப்பா. வா, முக்கியமானது எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு."

"இருங்க."

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"காத்திருக்கட்டும். தண்ணி ஓட என்னமா வாட்டம் குடுத்திருக்கான் பாருங்க! ஒரு சொட்டு தேங்கல."

பெர்னார்ட் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். அந்த ஒரு பெருமூச்சுதான் அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த லாபம் என்று நெவில் சொன்னார்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகும் நெவிலுக்கு மனம் ஆறவில்லை. இன்னொருவன் தலையில் தன் பழி இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அதுவும் அந்தத் தலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய பூந்தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஃப்ரீடாவின் படகுக்குப் போய், நடந்ததைச் சொன்னார்.

ஃப்ரீடா தொட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "தெரியுமே."

"என்ன தெரியும்?"

"பச்சை நூல் சுத்தின சாவி அந்த மனுஷன் கோட்டுப் பையில இருந்து நீட்டிக்கிட்டு இருந்துச்சே. அது யாருதுன்னு கால்வாய்க்கே தெரியும்."

"அப்ப அவரை ஏன் அப்படித் திட்டினீங்க?"

"ரெண்டு தடவை இடிச்சான்ல? அதுக்குத் திட்டினோம். வாகா வந்து நின்னான், விடுவாங்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீயா வந்து சொல்றியான்னு பார்த்தோம். லேட்டு." தொட்டியைக் கூரையில் வைத்தாள். "அந்த ஆளு வறுத்த இறைச்சி நல்லா இருந்துச்சு. அதைச் சொல்லிடு."

நெவில் வீட்டுக்குப் போய் பெர்னார்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். எல்லாருக்கும் முதலிலேயே தெரியுமாம் என்றார்.

"அப்ப நான் வாங்கின திட்டு?" என்றார் பெர்னார்ட்.

"அது இடிச்சதுக்காம்."

"நான் எங்க இடிச்சேன்? அந்த அம்மா பார்க்கிங்..."

நெவில் தொலைபேசியை மெரில் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இந்த மார்ச்சில் ஒரு நாள் நான் படகுக்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நெவில் ஜன்னலில் தட்டினார். மே மாதம் மறுபடியும் வருகிறார்கள், மெரில் சொல்லிவிட்டாள், இந்த வருடமும் வேமவுத் கிடையாது என்றார். முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"எப்படிச் சொல்றது? சொல்ல விடற மாதிரியா அந்த ஆளு நடந்துக்கிட்டான்?" என்று எரிந்து விழுந்தார். பிறகு துறையில் வரிசையாக நின்ற படகுகளை ஒரு பார்வை பார்த்தார். "புதுசா பெயின்ட் அடிச்சது எதையும் குடுத்துடாதே கண்ணு. ஏற்கெனவே நசுங்கினதாப் பார்த்து ஒண்ணை எடுத்து வை."